ட்ராகன்ஸ் டாக்மா 2: நல்லது எது, நொட்டை எது? வாங்கலாமா?

தட்டோன்_தம்பி

எல்லாருக்கும் வணக்கம். ஆஸ்திரேலியாவில் இருக்கிற எங்க மாமா பிறந்தநாளுக்கு ஒரு கேம் வாங்கித் தர்றேன்னு சொல்லியிருக்காரு. ஸ்டீம் ஆன்லைன் கடையில தள்ளுபடி வரும்போது ட்ராகன்ஸ் டாக்மா 2 கேக்கலாம்னு நினைக்கிறேன். முதல் பாகம் ஆடினதில்லை. கம்ப்யூட்டர் ஐ5 10-ஆம் தலைமுறை, ஜிடிஎக்ஸ் 1070, 16 ஜிபி ராம். எங்க தெருவுல கரண்ட் நாலு மணி நேரம் வந்தா எட்டு மணி நேரம் போயிடும். ஒரே ஒரு சேவ் ஃபைல்தான் தருவாங்கன்னு கேள்விப்பட்டேன், அதுதான் பயமா இருக்கு. ஆடினவங்க நல்லது கெட்டது ரெண்டையும் சொல்லுங்க அண்ணா, அக்கா.

இராவதிக்கரை

தம்பி, நான் முதல் பாகத்தை அது 2016-இல் கம்ப்யூட்டருக்கு வந்தபோதே ஆடியவன். இரண்டாம் பாகத்தில் இதுவரை இருநூறு மணி நேரத்துக்கு மேல் போயிருக்கிறது. என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வழிப்பயணத்தை இவ்வளவு உயிரோடு காட்டிய வேறு கேம் எனக்குத் தெரியாது.

மற்ற கேம்களில் வரைபடத்தைத் திறந்து ஊர்ப் பெயரை அமுக்கினால் அங்கே போய் நிற்பாய். இதில் அது கிடையாது. ஃபெர்ரிஸ்டோன் என்று ஒரு கல் உண்டு, ஒரு தடவைக்கு ஒரு கல், விலையும் அதிகம். அதுவும் போர்ட்க்ரிஸ்டல் என்ற பளிங்குக்கல் இருக்கும் இடத்துக்குத்தான் கொண்டுபோய் விடும். இல்லாவிட்டால் காசு கொடுத்து மாட்டுவண்டி ஏற வேண்டும். வண்டியில் கண்ணயர்ந்தால் ஊர் வந்துவிடும், அல்லது பாதி வழியில் பூதங்கள் மறித்து எழுப்பிவிடும். ஒருமுறை மெல்வ் கிராமத்திலிருந்து தலைநகர் வெர்ன்வொர்த்துக்குப் போகும்போது, கழுகுத் தலையும் சிங்க உடலுமான கிரிஃபின் ஒன்று வானத்திலிருந்து விழுந்தாற்போல் இறங்கி வண்டியைச் சுக்குநூறாக்கியது. மீதி வழி நடைதான். அந்த நடையில்தான் ஒரு குகையைக் கண்டுபிடித்தேன். அந்த கிரிஃபின் வராதிருந்தால் அந்தக் குகை இருப்பதே எனக்குத் தெரிந்திருக்காது.

இரவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இதில் இருட்டு என்றால் இருட்டு. இடுப்பில் தொங்கும் லாந்தர் வெளிச்சம் நாலடிக்கு மேல் போகாது. எண்ணெய் தீர்ந்தால் அதுவும் இல்லை. எலும்புக்கூடுகள் கிளம்புவது அந்த நேரத்தில்தான். ஒரு நாள் ராத்திரி எங்கள் தெருவில் கரண்ட் இல்லை, இன்வெர்ட்டரில் கம்ப்யூட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அறையும் இருட்டு, திரையும் இருட்டு, நடுவில் அந்த மஞ்சள் வெளிச்சம் மட்டும். பொழுது சாய்வதற்குள் ஊர் போய்ச் சேர வேண்டும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் ஏன் அடித்துக்கொள்வார்கள் என்பது அன்றைக்கு எனக்குப் புரிந்தது.

கேம்கடை_அண்ணன்

தம்பி, நான் ரங்கூன்ல கேம் கடை வச்சிருக்கேன், அதனால மெஷின் விஷயத்தை மட்டும் சொல்றேன்.

உன் கம்ப்யூட்டர் அவங்க சொன்ன குறைந்தபட்ச அளவுல சரியா வந்து நிக்குது. காட்டுல, மலையில ஓடும். வெர்ன்வொர்த் உள்ள நுழைஞ்சதும் திணறும். கிராஃபிக்ஸ் கார்டு காரணமில்ல, ப்ராசசர்தான் காரணம். ஊருக்குள்ள நடமாடுற ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியா கணக்கு ஓடுது, அந்தச் சுமை மொத்தமும் ப்ராசசர் தலையில விழுது. 2024 மார்ச் 22 வெளியான அன்னைக்கு நல்ல விலை உயர்ந்த மெஷின்லயே ஃப்ரேம், அதாவது ஒரு செகண்டுக்கு ஓடுற படங்களோட எண்ணிக்கை, விழுந்துச்சு. செட்டிங்ஸ்ல நிழலைக் குறை, புல்லைக் குறைன்னு எல்லாரும் சொல்வாங்க. ஊருக்குள்ள அதால பெரிசா பிரயோசனம் இல்ல. ஃப்ரேமை 30-ல கட்டிப் போட்டுடு, சீரா ஓடும், சூடும் குறையும், இன்வெர்ட்டருக்கும் நல்லது. அப்புறம் வந்த அப்டேட்ல, முக்கியமா 2024 செப்டம்பர்ல வந்ததுல, நிலைமை தேறிடுச்சு. ஆனா முழுசா தீரல.

இடம் 100 ஜிபி கேக்குது. நம்ம இன்டர்நெட்ல இறக்கிட்டு உக்காந்திருக்காத. ஏற்கெனவே வச்சிருக்கிறவங்ககிட்ட ஹார்ட் டிஸ்க்கை எடுத்துட்டுப் போய் ஸ்டீம் ஃபோல்டரை காப்பி பண்ணு, உன் கணக்குல வாங்கினதுக்கு அப்புறம் ஃபைலைச் சரிபார்க்கச் சொல்லு, மிச்சத்தை மட்டும் இறக்கிக்கும். முதல் தடவை திறக்கும்போது நெட் கண்டிப்பா வேணும்.

கரண்ட் போறதைப் பத்தி பயப்படாத. ஒரு சேவ்தான், ஆனா அது அடிக்கடி தானே பதிஞ்சுக்கும். என் கடையில எத்தனையோ தடவை பட்டுன்னு கரண்ட் போயிருக்கு, போனது சில நிமிஷ ஆட்டம்தான். ஆனாலும் சின்ன யூபிஎஸ் ஒண்ணு வச்சுக்கோ, கேமுக்காக இல்லாட்டியும் ஹார்ட் டிஸ்க்குக்காக.

மோல்மேன்_மீனா

அண்ணன் சொன்னது மெஷினுக்குச் சரி. ஒரே சேவ் விஷயத்துல எனக்கு ஒரு வயித்தெரிச்சல் இருக்கு, அதைச் சொல்லியே ஆகணும்.

நானும் என் தம்பியும் ஒரே கம்ப்யூட்டர், ஒரே கணக்கு. வாங்கின வாரத்துல அவன் முதல்ல உக்காந்து ஒரு ஆளை உருவாக்கி ஆடிட்டான். என் முறை வந்தப்ப பாக்குறேன், புதுசா ஆரம்பிக்கிற வழியே மெனுவுல இல்ல! நான் ஆடணும்னா அவனோடதை அழிக்கணும். எழுபது டாலர் கேமை ரெண்டு பேரும் காசு சேத்து வாங்கினோம். நம்ம கியாட் மதிப்புல அது எவ்வளவு பணம்னு உங்களுக்கே தெரியும். ஒரு வாரம் போல ஒருத்தர் ஆட ஒருத்தர் பார்த்துக்கிட்டே இருந்தோம். அந்த மாசக் கடைசியிலேயே அப்டேட்ல புதுசா ஆரம்பிக்கிற வழியைக் கொடுத்தாங்க. கொடுத்தாலும் பழசு அழிஞ்சுதான் புதுசு. ரெண்டு பேருக்கு ரெண்டு இடம் இன்னைக்கு வரைக்கும் இல்ல. அண்ணன் தங்கச்சி அக்கா தம்பின்னு ஒரே மெஷினைப் பங்கு போட்டு ஆடுற வீடு உலகத்துல இருக்குங்கிறதே அவங்க நினைப்புல வரல போல. இதுக்கு எந்தச் சமாதானமும் நான் ஏத்துக்க மாட்டேன்.

சரி, நல்லதையும் சொல்றேன். பான்கள். தம்பி, பான்னா நம்ம கூடவே வர்ற துணையாட்கள். ஒருத்தரை நாமே உருவாக்குறோம், இன்னும் ரெண்டு பேரை வேற ஆட்டக்காரங்க உருவாக்கினதுல இருந்து எடுத்துக்கிறோம். அவங்க வேற எஜமான்கூட ஒரு வேலையை ஏற்கெனவே முடிச்சிருந்தா, “எனக்கு வழி தெரியும், வாங்க”ன்னு முன்னாடி நடப்பாங்க. நெட் இல்லன்னாலும் கம்பெனியே செஞ்சு வச்ச பான்கள் கிடைப்பாங்க.

இதுல எனக்கு மறக்க முடியாதது எல்ஃப்கள் ஊர். அங்க போனா அவங்க பேசுறது ஒண்ணும் விளங்காது. கீழ ஓடுற எழுத்தும் அவங்க பாஷையிலேயே ஓடும். அவங்க மொழி தெரிஞ்ச பான் ஒருத்தர் கூட இருந்தாத்தான் பேச்சு புரிய ஆரம்பிக்கும். எங்க அம்மாச்சிக்குத் தமிழ், பர்மா, மோன் மூணும் வரும். சின்ன வயசுல மோல்மேன் மார்க்கெட்டுக்கு அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டு போவேன். மோன்காரம்மா ஏதோ சொல்ல, அம்மாச்சி குனிஞ்சு என் காதுல “மீன் நேத்து வந்ததாம், வேணாம் வா”ன்னு தமிழ்ல சொல்வாங்க. அந்த எல்ஃப் ஊர்ல என் பான் பக்கத்துல நின்னு அர்த்தம் சொன்னப்ப எனக்கு அதுதான் ஞாபகம் வந்துச்சு. என் பானுக்கு அம்மாச்சி பேரைத்தான் வச்சிருக்கேன்.

பகோ_27

எல்லாரும் பாசத்தோடு எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் பாசம் உண்டு, அதனால்தான் கோபமும் உண்டு. முதல் பாகம் 2012-இல் வந்தது, அதன் விரிவாக்கம் டார்க் அரிசன் 2013-இல். அடுத்ததற்குப் பத்து வருஷத்துக்கு மேல் காத்திருந்தோம். காத்திருந்து வந்த பாகத்தில் எதையெல்லாம் விட்டுவிட்டார்கள் என்று வரிசையாகக் கேளுங்கள்.

எதிரிகள் போதவில்லை. ஐம்பது மணி நேரம் கழித்தும் கோப்ளின், பல்லி மனிதர்கள், ஹார்ப்பி, ஓநாய், கொள்ளைக்காரர்கள். நிறம் மாறும், பெயர் மாறும், அடிக்கிற முறை மாறாது. நூறு எட்டு நடப்பதற்குள் ஒரு கூட்டம், அதை முடித்து இன்னொரு நூறு எட்டு போனால் அதே கூட்டம். வழிப்பயணம்தான் இந்தக் கேமின் உயிர் என்றால், வழியில் எதிர்ப்படுபவை புதிதாக இருக்க வேண்டாமா?

முதல் பாகத்தில் கையில் ஒரு ஆயுதத்துக்கு மூன்று, இன்னொன்றுக்கு மூன்று என்று ஆறு திறமைகளை வைத்துக்கொள்ளலாம். இரட்டைக் கத்தியும் வில்லும் சேர்த்து ஆடிய ஸ்ட்ரைடர் நான். இதில் மொத்தமே நான்கு. நாம் எடுக்கும் தொழிலில் திருடன் என்றால் திருடன்தான், வில்லாளி என்றால் வில்லாளிதான். எல்லா ஆயுதமும் எடுக்கும் வார்ஃபேரர் வரும், ஆனால் அதற்குள் ஆட்டம் முக்கால்வாசி முடிந்திருக்கும்.

விரிவாக்கத்தில் பிட்டர்பிளாக் தீவு என்று ஓர் இடம் இருந்தது, உள்ளே முழுக்கப் பாதாளச் சுரங்கங்கள். மூச்சு முட்ட முட்ட இறங்கிக்கொண்டே போகலாம். அதற்கு ஈடாக இதில் ஒன்றுமே இல்லை. குகைகள் உண்டு, பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும்.

கதையைச் சொல்லவே வேண்டாம். முதல் பாதி வெர்மண்ட் நாட்டில் நன்றாகவே போகிறது. ராணி ஒரு போலி அரசனை அரியணையில் உட்கார வைத்திருக்கிறாள், கேப்டன் ப்ராண்ட் ராத்திரியில் சாராயக்கடையில் காத்திருந்து ரகசிய வேலை கொடுக்கிறார், அரண்மனைக்குள் மாறுவேஷத்தில் நுழைகிறோம். சூழ்ச்சி முற்றும் என்று நிமிர்ந்து உட்காரும்போது எல்லை தாண்டி பட்டால் என்ற நாட்டுக்குப் போகச் சொல்கிறார்கள். போனால் நாலு வேலை, ஓர் எரிமலைத் தீவு, சட்டென்று ட்ராகன். அந்த ராணி என்ன ஆனாள், அந்தச் சூழ்ச்சி என்ன ஆனது, யாருக்கும் கவலை இல்லை. பாதிப் பந்தி பரிமாறிவிட்டு இலையை எடுத்த மாதிரி இருந்தது எனக்கு.

இராவதிக்கரை

பகோ தம்பி, கதையைப் பற்றிச் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட நான் மறுக்க மாட்டேன். பட்டால் பாலைவனம் பார்க்க அவ்வளவு அழகு, புலி முகமும் பூனைக் காதுமாக அந்த மக்கள் வேறு. அங்கே செய்வதற்கு மட்டும் வெர்மண்டில் பாதிகூட இல்லை.

எதிரிகள் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் மாறுபடுகிறேன். வகை குறைவு, சரி. ஆனால் ஒரே பூதம் இரண்டு தடவை ஒரே மாதிரி விழுந்து நான் பார்த்ததில்லை. ஒற்றைக்கண் பூதம் ஒன்று ஒரு பள்ளத்தின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தது. காலை அடித்துச் சாய்த்தேன். அது குறுக்கே விழுந்து அக்கரையைப் பிடித்துக்கொண்டது. அதன் முதுகின் மேல் ஏறி நாங்கள் நால்வரும் அக்கரைக்கு நடந்து போனோம். வேறொரு நாள் கிரிஃபினின் முதுகைப் பிடித்துத் தொங்கினேன், அது என்னையும் தூக்கிக்கொண்டு மலைக்கு மேல் பறந்துவிட்டது. என் பான்கள் கீழே நின்று கத்துகிறார்கள், நான் மேலே. பிடி நழுவியிருந்தால் செத்திருப்பேன்.

இன்னொன்று, அடி வாங்க வாங்க உயிரின் உச்ச அளவே குறைந்துகொண்டு போகும். மருந்து அதை மீட்காது. கூடாரம் அடித்து அல்லது சத்திரத்தில் படுத்துத் தூங்கினால்தான் திரும்பும். அதனால் “இன்னும் ஒரு குகை பார்த்துவிடலாமா, இப்போதே தங்கிவிடலாமா” என்ற யோசனை எப்போதும் ஓடும். கூடாரத்தில் இறைச்சி சுடும் காட்சி உண்மையான வீடியோ, தெரியுமா? கம்ப்யூட்டரில் வரைந்ததில்லை. கல்லில் கொழுப்பு உருகிச் சத்தம் போடும். எங்கள் வீட்டில் புரட்டாசி விரதம் நடந்த சமயத்தில் அதைப் பார்த்துப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மோல்மேன்_மீனா

ட்ரிக்ஸ்டர் தொழிலைப் பத்தி யாருமே சொல்லல. கையில கத்தி கிடையாது, வில்லும் கிடையாது, தூபக்கால் மட்டும்தான். அதை வீசினா புகை கிளம்பி மாயத் தோற்றம் உண்டாகும், எதிரி அதை அடிச்சுக்கிட்டே இருப்பான். மலை விளிம்புல இல்லாத தரையை இருக்கிற மாதிரி காட்டினா, நம்பி நடந்து வந்து கீழ விழுவான். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுற நம்ம வீட்டுப் பிள்ளைங்களுக்கு அந்தக் கை வீச்சு தானா வரும்! ஆனா நேரா ஒரு அடிகூட அடிக்க முடியாது, பான்களைத்தான் நம்பணும். முதல் தடவை ஆடும்போது எடுக்காத தம்பி, ரெண்டாம் சுத்துல எடு.

இன்னொரு எச்சரிக்கை, ட்ராகன் ப்ளேக். இது பான்களுக்கு வர்ற நோய். தலை வலிக்குதும்பாங்க, சொன்ன பேச்சு கேக்க மாட்டாங்க, கண்ணு செவக்கும். கண்டுக்காம சத்திரத்துல தூங்கினா, அந்த ராத்திரியே அந்த ஊர் மொத்தத்தையும் கொன்னுடுவாங்க.

எனக்கு அது வெர்ன்வொர்த்துலயே நடந்துச்சு. காலையில எழுந்து வெளிய வர்றேன், ஒரு சத்தம் இல்ல. தினமும் கூவி விக்கிற கடைக்காரங்க இல்ல, காவலுக்கு நின்னவங்க இல்ல. என் பான் ரெண்டு நாளா ஏறுக்கு மாறாப் பேசிக்கிட்டு இருந்தா, நான்தான் பழைய வசனம்னு நினைச்சு விட்டுட்டேன். அம்மாச்சி பேரு வச்ச பான்! ஒரே சேவ், பின்னாடி போக வழியில்ல. வேக்ஸ்டோன்னு ஒரு கல் இருக்கு, பிணக்கிடங்குக்குப் போய் ஒருத்தருக்கு ஒரு கல்லுன்னு எழுப்பலாம். என்கிட்ட இருந்தது மூணு கல். யாரை எழுப்புறது, யாரை விடுறதுன்னு அந்தக் கிடங்குல எவ்வளவு நேரம் நின்னேன்னு தெரியல.

பகோ_27

இதைத்தான் அக்கா நானும் சொல்ல வந்தேன். யோசனை அபாரம், அதைக் கொண்டுவந்த விதம் அநியாயம். அறிகுறிகள் முதலில் மிகவும் மறைவாக இருந்தன. பிறகு வந்த அப்டேட்டில் தொற்றுவதைக் குறைத்து, கண் ஒளிர்வதையும் தெளிவாகக் காட்டினார்கள். அதை வெளியான நாளிலேயே செய்திருக்கலாமே?

அந்தக் கல்லையே காசுக்கும் விற்றார்கள் என்பதை மறந்துவிட வேண்டாம். வெளியான அன்றே வேக்ஸ்டோன், போர்ட்க்ரிஸ்டல், கூடாரச் சாமான் எல்லாம் டாலருக்குக் கடையில் இருந்தன. ஆட்டத்துக்குள்ளேயே கிடைப்பவைதான், வாங்காமல் முடிக்கலாம், நானும் வாங்கவில்லை. ஆனாலும் ஒருவன் ஊரையே இழந்து நிற்கும் நேரத்தில் பக்கத்தில் உண்டியல் வைத்திருப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

கேம்கடை_அண்ணன்

தம்பி, மருந்தைச் சொல்லாம விட்டுட்டாங்க ரெண்டு பேரும். வாடகைப் பானுக்கு நோய்னா வேலையை விட்டு அனுப்பிடு. உன் சொந்தப் பானுக்கு வந்தா தூக்கி ஆத்துலயோ கடல்லயோ போட்டுடு. தண்ணியில இருக்கிற ப்ரைன்ங்கிற பூதம் இழுத்துட்டுப் போயிடும். அப்புறம் ரிஃப்ட் கல்லுல கூப்பிட்டா நோயில்லாம திரும்பி வரும். மனசு கேக்காது, ஆனா செய்.

அப்புறம் ஸ்ஃபின்க்ஸ். மலை மேல ஒரு கோயில்ல உக்காந்துக்கிட்டு விடுகதை போடும். அங்க அஞ்சு, இடம் மாறிப் போய் இன்னும் அஞ்சு. என் கடையில பசங்க ஆறேழு பேர் ஒரு திரையைச் சுத்தி நின்னு யோசிச்சாங்க. ஒரு விடுகதைக்கு, அங்கங்க சிதறிக் கிடக்கிற சீக்கர்ஸ் டோக்கன்ங்கிற வில்லையை நீ முதன்முதலா எடுத்த இடத்துக்குத் திரும்பிப் போகணும். எங்க எடுத்தேன்னு எவனுக்கு ஞாபகம் இருக்கும்? அந்தப் பையன் ரெண்டு நாள் தேடினான். அதனால முதல் டோக்கனை எடுத்ததும் இடத்தை எங்கயாவது குறிச்சு வை. நெட்ல விடை பார்த்துடாத, அந்தப் பகுதியோட ருசியே போயிடும்.

இராவதிக்கரை

முடிவைப் பற்றி ஒரு சொல். கதை தெரிய வேண்டாம் என்றால் இந்தப் பதிவைத் தாண்டிப் போ தம்பி.

ட்ராகனைக் கொன்று அரியணையில் உட்கார்ந்ததும் முடிந்தது என்று நிறுத்திவிடாதே. அதற்கு அப்பால் ஓர் உலகம் இருக்கிறது. கடல் வற்றி, வானம் சிவந்து, ஊர்கள் ஒவ்வொன்றாக அழியும். மக்களைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு போய்ப் பத்திரமான இடத்தில் சேர்க்க வேண்டும். தூங்கும் ஒவ்வொரு இரவுக்கும் விலை உண்டு, இத்தனை இரவுகள்தான் என்று கணக்கு. அதுவரை திரையில் “ட்ராகன்ஸ் டாக்மா” என்று மட்டும் இருந்த தலைப்பில் 2 என்ற எண் சேர்வது அங்கேதான்.

கதை அரைகுறை என்று பகோ தம்பி சொன்னதற்கு இது பதில் ஆகாது, தெரியும். அந்தக் கடைசி உலகத்தின் பாரத்தில் பாதியை பட்டால் பகுதிக்குக் கொடுத்திருந்தால் இன்று நாம் இந்தச் சண்டை போட்டிருக்க மாட்டோம். இயக்குநர் இட்சுனோ 2024-இல் இந்தக் கேமைச் செய்த கேப்காம் கம்பெனியை விட்டே போய்விட்டார், முப்பது வருஷத்துக்கு மேல் அங்கே இருந்தவர். பிட்டர்பிளாக் போல் ஒரு விரிவாக்கம் வரும் என்று நம்பிக்கொண்டிருந்த எனக்கு அன்றைக்கு மனசே விட்டுப்போயிற்று.

பகோ_27

எனக்கும்தான் அண்ணா. வாங்கு தம்பி, தள்ளுபடியில் வாங்கு, முழு விலைக்கு வேண்டாம். முதல் முப்பது மணி நேரத்தை அவசரப்படாமல் ஆடு. ஓநாய் இழுத்துப்போன சிறுவனைத் தேடும் வேலை ஒன்று வரும், அதை மட்டும் தள்ளிப்போடாதே. நாள் கடத்தினால் அவன் உயிரோடு இருக்க மாட்டான்.

தட்டோன்_தம்பி

பதினொரு நாள் கழிச்சு வர்றேன். மாமா வாங்கிக் கொடுத்துட்டாரு! அண்ணன் சொன்ன மாதிரியே ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுத்து, மிச்சத்தை ரெண்டு ராத்திரி இறக்கினேன். ஃப்ரேம் 30-ல கட்டியாச்சு.

என் பானுக்கு எங்க தாத்தா பேரு வச்சேன். நேத்து மெல்வ்ல இருந்து வெர்ன்வொர்த்துக்கு வண்டி ஏறாம நடந்தே போனோம். பாதி வழியில பொழுது சாஞ்சிடுச்சு. லாந்தர் திடீர்னு அணைஞ்சுடுச்சு, எண்ணெய் காலி. எலும்புக்கூடு எழுந்து வர்ற சத்தம் மட்டும் கேக்குது, ஒண்ணும் தெரியல. தாத்தா இடுப்புல இருந்த லாந்தர் மட்டும் எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. அந்த வெளிச்சத்தை விடாம ஒட்டிக்கிட்டே ஓடி, ஊர்க் கோட்டை வாசல் வெளிச்சம் தெரியற வரைக்கும் நான் மூச்சே விடல. வாசலுக்குள்ள கால் வச்ச நிமிஷம் தெருவுல கரண்ட் போயிடுச்சு. இன்னைக்குத் திறந்து பாக்குறேன், அந்த வாசல்லயே நிக்கிறேன்.

ஒரே கேள்வி. லாந்தர் எண்ணெய் எங்க கிடைக்கும்?

மோல்மேன்_மீனா

வெர்ன்வொர்த் சந்தையில சாமான் கடைக்குப் போ, விலை கொஞ்சம்தான். ரெண்டு மூணு வாங்கி ஒண்ணைத் தாத்தா கையில குடுத்து வை.

தாத்தா தலை வலிக்குதுன்னு சொன்னா உடனே இங்க வந்து எழுது.